ரேடியோப் பெட்டி

திருச்சுழிப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர் சின்னத்துரை, சுதந்திர தினத்துக்குக் கடற்படை ஆபீசரை அழைக்க வந்தார். பெரியவர் சௌடையா விபூதி தொட்டு மெடலைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"எழுபத்தொண்ணு சண்டையில வாங்குனதாய்யா?"

"ஆமா தம்பி. நேவி ரிசர்வுல சேர்ந்து போனது."

"பயமா இல்லையா?"

"இல்லாமயா? ரேடியோப் பெட்டிய விட்டு நகரல. சோறு எறங்கல."

"பாவம், உங்க வீட்டம்மா எப்படித் தவிச்சாகளோ!"

"அவுக எங்க தவிச்சாக? நேவி ஆஸ்பத்திரியில காயம்பட்டவுகளுக்குத் தையல் போட்டுக்கிட்டிருந்தாக. கைப்பிள்ளையோட இங்க கெடந்து தவிச்சது நானு."

உள்ளிருந்து வந்த டாக்டர் பாலாமணியின் சேலைத் தோளில் மெடலைக் குத்தும்போது சௌடையாவின் கை நடுங்கியது.

ஆபீசரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னமும் என்ன நடுக்கம்? அதான் வந்துட்டேன்ல."