படகுப் பெயிண்ட் அடித்த கார்

ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் திரும்பவில்லை.

தரைப்பாலத்தின் நடுவில் இருந்தோம். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருக்காது என்று நம்பி இறக்கியது நான்தான். இப்போது சக்கரங்களுக்கு அடியில் ரோடு இல்லை. கார் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது.

ஆற்றுப் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது.

பின் சீட்டில் மகள் பள்ளிக்கூடப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் கணவர்.

அவர் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கடல் காற்றில் எங்கள் பழைய காரின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர ஆரம்பித்ததும் வேறு யாரையும் தொட விடவில்லை. படகின் அடியில் பூசுகிற சிவப்புப் பெயிண்டையே கொண்டுவந்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கை கடுக்கக் கடுக்கப் பூசினார்.

அதோடு விட்டிருக்கலாம். தரைத் தகட்டில் இருந்த ஓட்டைகளை எல்லாம் பட்டி வைத்து அடைத்து, அதன் மேலும் பூசினார்.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே போகிற தண்ணீர் வடிவதற்குத்தான் அந்த ஓட்டைகளே என்றார். அடியில் ஓட்டையோடு எதையும் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை என்று இவர் சொல்லிவிட்டார்.

அப்படியே ஒரு பாயையும் கட்டிவிடுங்கள், கடலில் விடலாம் என்று நானும் கிண்டல் செய்தேன். ஊரில் உள்ள படகுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார், ஒன்றிலும் ஏற மாட்டார். நீச்சல் தெரியாது. படகைத் தண்ணீரில் இறக்கும்போது தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

என் கிண்டல் பலித்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கார் ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

தினமும் நானும் மகளும் மட்டும் போகிற பாதை இது. இன்று மழை என்றதும் அவரே வந்து ஏறிக்கொண்டார். வராமல் இருந்திருந்தால் வீட்டில் ஒருவராவது மிஞ்சியிருப்பார் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

பாலத்தின் விளிம்பில் நட்டிருந்த வெள்ளைக் கல் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். மிதித்து என்ன பிரயோஜனம்.

“கதவத் திற. தண்ணி உள்ள வரட்டும்.”

சொன்னது அவர். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவர் பக்கத்துக் கதவைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கை வரவில்லை. மகளை வைத்துக்கொண்டு ஆற்றை எப்படி உள்ளே விடுவது? கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்துக் கதவைத் தள்ளினேன்.

தண்ணீர் பாய்ந்து வந்தது. பாதம், கணுக்கால், கெண்டைக்கால். மகள் வீறிட்டாள். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, அமிழ்ந்து, திடீரென்று ஒரு குலுக்கலோடு ரோட்டில் உட்கார்ந்தது. இஞ்சின் இருமியது, நிற்கவில்லை.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெயிண்ட் அடித்த நாளிலிருந்து பின் சீட்டுக்கு அடியில் கடகடவென்று ஏதோ உருண்டுகொண்டே இருந்தது. காலி டப்பாக்களை எடுத்துத் தொலையுங்கள் என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கிடக்கட்டும் என்பார்.

இப்போது அந்தப் பெயிண்ட் டப்பாக்கள் சீட்டுக்கு அடியிலிருந்து மிதந்து வந்தன. மூடிகளைப் பட்டி வைத்து இறுக்கியிருந்தார். தோளில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கட்டியிருந்தார். ஒன்று பெரியது. ஒன்று சின்னது, அதன் கயிற்றில் உறுத்தாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது.

பின்னால் எட்டிச் சின்னதை மகளுக்கு மாட்டினார். பெரியதை எனக்கு மாட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

உங்களுக்கு எங்கே என்று கேட்டேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஓட்டினேன். மேடு ஏறும்வரை காதைப் பின்னாலேயே வைத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் வேறு எதுவும் உருளவில்லை.