செவலைக்குச் சொன்னது

ஐயனாருக்குச் சூடம் கொளுத்திவிட்டுத் திரும்புவதற்குள் இரும்பைக் காணோம்.

மலையாண்டி கொட்டகைக்குள் நின்று வெறுங்கட்டையைப் பார்த்தான். புளியங்கட்டையில் அவன் அடித்து இறுக்கியிருந்த ஆணிகள் நாலும் பிடுங்கிக் கிடந்தன.

“ராசாத்தி, இரும்பைக் காணோம்டி.”

யுத்தம் வந்து பெட்ரோல் முடையானதும், புதுக்கோட்டையில் அவன் மெக்கானிக்காக இருந்த பஸ் கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். நாலு ஸ்பானரோடு கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பசுவை விற்றான். பசு கட்டிய கொட்டகையைப் பட்டறையாக்கினான். சைக்கிளோ, வண்டி அச்சோ, எது வந்தாலும் பார்ப்பதாக ஏற்பாடு.

பழைய கதவு ஒன்று மேசையாயிற்று. மாட்டுத் தொட்டி பஞ்சர் பார்க்க ஆயிற்று. ஏழு மாசக்காரியான ராசாத்தி ஆட்டுத்தோலில் துருத்தி தைத்துக் கொடுத்தாள். பழுக்கக் காய்ச்சியதை வைத்துத் தட்ட ஒரு கனத்த இரும்பு மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் சந்தையில் பழைய இரும்பு விற்கிறவனிடம் ஒன்றரை முழம் தண்டவாளத் துண்டு அகப்பட்டது. ராசாத்தியின் வெண்கலப் பானை அதற்குப் போயிற்று.

வேலிக்கு அந்தப்புறம் அண்ணன் சிவசாமியின் வீடு. வேலியோரத்துப் பனைமரம் யாருக்கு என்பதில் மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால், சிவசாமி தன் வண்டிக்காளை செவலையிடம் உரக்கச் சொல்வான். மலையாண்டி தன் பெண்டாட்டியிடம் உரக்கப் பதில் சொல்வான். பகைத்துக்கொண்ட பங்காளிகள் அந்தப் பக்கத்தில் பேசிக்கொள்கிற முறை அது.

தண்டவாளத் துண்டு வந்த அன்றே செவலைக்குச் சேதி போயிற்று.

“ஏ செவலை, கண்ட இரும்பை வீட்டுக்குள்ள வச்சா சனியன் வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துக்குவான். கொளத்துல தூக்கிப் போட்டாத்தான் விடியும்.”

“ராசாத்தி, அங்கிட்டு வயிறு எரியிற வாடை வருது. ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டு வா.”

நேற்று ஆலங்குடியில் பாரம் இறக்கிவிட்டு வந்த சிவசாமி மறுபடியும் ஆரம்பித்தான்.

“செவலை, நீதான் கூட இருந்து பாத்தியே, இரும்பை வச்சிருந்த ரெண்டு பேரு கெட்ட கேட்டை. கேக்குறவன் கேக்கட்டும்.”

“பட்டறை தொறக்குமுன்ன வாயை வைக்கிறாரு பாரு ராசாத்தி. அந்த மாட்டுக்குப் புத்தி இருந்தா மொகத்தைத் திருப்பிக்கும்.”

இன்று இரும்பைக் காணோம். வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு முள் ஒதுங்கியிருந்தது. அந்தப்புறம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான் சிவசாமி.

“ஏங்க, பெரியவுக அப்படியெல்லாம் எடுக்க மாட்டாக. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க” என்றாள் ராசாத்தி.

“எந்த வாயால கேக்கச் சொல்றே? அந்த இரும்பு இல்லைன்னா நாளைக்கு ஒலையில எதைப் போடுவே?”

அப்போதுதான் ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் தெருவில் வந்தார்கள். மலையாண்டி ஓடிப்போய் மறித்தான்.

“ஐயா, என் பட்டறைச் சாமானைத் திருடி வைக்கப்போருல ஒளிச்சு வச்சிருக்காருங்க. வேற யாருமில்லைங்க, எங்க அண்ணன்தான்.”

போரைப் பிரித்தார்கள். இரும்பு வெளியே விழுந்தது. ஏட்டு அதைக் காலால் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

“யாருதுடா இது?”

மலையாண்டி வாயைத் திறப்பதற்குள் சிவசாமி முந்திக்கொண்டான்.

“என்னுதுங்க.”

“பொய் சொல்றாருங்க...”

“பனைமரத்துப் பகைங்க. ஊரைக் கேளுங்க. என் பொருளைத் தன்னுதுன்னு சொல்லி என்னைத் திருடனாக்கப் பாக்குறான். அவன் கொட்டகையில வெறுங்கட்டைதான் கெடக்கு. போயிப் பாத்துக்கங்க.”

மலையாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடினது போதாதென்று, திருடின பொருளுக்குச் சொந்தம் வேறு கொண்டாடுகிறான்.

“ஏட்டையா, அது...”

பளாரென்று ஓர் அறை விழுந்தது. சிவசாமியின் கன்னத்தில்.

“வெள்ளைக்காரனை வெரட்டுறோம்னு ரயில் பாதையைப் பேத்துப் போட்டுட்டுத் திரியிறானுக. தண்டவாள இரும்பு எவன் வீட்டுல இருந்தாலும் கட்டி இழுத்துட்டு வான்னு உத்தரவு. உள்ள போனா வெளிய வர எத்தனை வருசமோ. நட.”

ஏட்டு மலையாண்டியின் பக்கம் திரும்பினார்.

“நீ என்னமோ சொல்ல வந்தியே?”

ராசாத்தி அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஒண்ணுமில்லைங்க” என்றான்.

சிவசாமியின் கைகளை அவன் துண்டாலேயே கட்டி நடத்தினார்கள். தம்பியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. தொழுவத்தைத் தாண்டும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்றான். காளை தலையைத் தூக்கிப் பார்த்தது.

“ஏ செவலை, பக்கத்துக் கொட்டகையில இனிமே சின்னவன் கருங்கல்லை வச்சாவது தட்டுவான். சத்தத்துக்கு மெரண்டு கயித்தை அத்துக்கிட்டுப் போயிராத. அவன் பொழைக்கணும்.”