வெங்காயத் தோட்டத்துக் குழிகள்

வேலணையில் ஏரம்புவின் வெங்காயத் தோட்டத்துப் பாறையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் இருந்தன. ஆய்வாளர் நிவேதனா அவற்றை நாள் முழுக்கப் படம் பிடித்தார். மாலையில் தொல்லியல் திணைக்கள அதிகாரி வந்தார்.

“ஆதிமனிதன்ரை வேலையெண்டால் சொல்லுங்கோ. நாளைக்கே வேலி அடைச்சிடுவம்.”

“இல்லை சேர். ஆடு தண்ணி குடிக்க ஆரோ இப்பத்தான் கொத்தியிருக்கினம்.”

“இதைக் கண்டுபிடிக்கவோ லண்டனிலை போய்ப் படிச்சனீங்கள்?” அதிகாரி சிரித்தபடி ஜீப்பில் ஏறிப் போனார்.

பக்கத்தில் நின்று கேட்ட ஏரம்புவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கமரா மட்டும் பெரிசு! என்ரை பூட்டன்ரை காலத்திலையே உந்தக் குழியள் இருந்தது, பிள்ளை!”

“ஓம் ஐயா, மூவாயிரம் வருசமாவது இருக்கும். இதைத்தான் இவ்வளவு காலமும் தேடித் திரிஞ்சனான்.” நிவேதனா படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். “வேலி அடைச்சால் பிறகு எங்கை வெங்காயம் நடுவியள்?”