இறக்கத்துக்கு ஒரு துணை

"நினைக்கிறேன்னா என்னண்ணே அர்த்தம்? பிரேக்கு பிடிக்குமா, பிடிக்காதா?"

புருஷனுக்குச் சோறு கொண்டு வந்த செவந்தி, கூடையோடு லாரியை மறித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் வீரய்யா தலையைச் சொறிந்தார். டிரைவர் ராக்கன்தான் அவள் புருஷன்.

குடுமியான்மலைக்குப் பக்கத்துக் கல்குழி அது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் லாரி, கல் லோடோடு குழிமேட்டில் ஏறத் திணறியது. முதலாளி ஏகாம்பரம் சும்மா இருந்திருக்கலாம். இழுவை கூடுமென்று எங்கிருந்தோ ஒரு காற்று ஊதும் பெட்டியை வாங்கி வந்து எஞ்சினில் மாட்டச் சொன்னார். மேட்டைத் தாண்டினால் இறக்கம், இறக்கத்தின் அடியில் கண்மாய். போன வாரம் அதை மாட்டி வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்ததற்கே பிரேக் மிதிக்க முடியாமல் கல்லாக இறுகி, ராக்கன் கள்ளிப்புதரில் விட்டு உயிர் தப்பினான். இன்று முதல் லோடு.

"எஞ்சின் காத்தை உறிஞ்சுற பலத்துலதாம்மா இந்த பிரேக்கு பிடிக்குது" என்றார் வீரய்யா. "பெல்ட்டு சுத்தி, ஊதுபெட்டி காத்தைத் தள்ள ஆரம்பிச்சா உறிஞ்சலுக்கு எங்க போறது? அதான் உறிஞ்சினதை ஒரு டாங்கில பிடிச்சு, ஒருவழி வால்வு போட்டிருக்கேன். நிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"வால்வுதான் போட்டாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்றார் முதலாளி.

"அப்ப நீங்களும் ஏறிக்கங்க மொதலாளி" என்றாள் செவந்தி.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு ஆத்தா. மேல நின்னு பார்க்குறேன்." மனிதர் மேட்டைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார்.

ராக்கன் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, குலசாமியை வேண்டிக்கொண்டு திரும்பி வந்தான். வீரய்யா பானெட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குப் பொட்டு வைத்தாளாம் செவந்தி. வைத்தவள் அதோடு நிற்காமல், கூடையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்குடி! இது வெளையாட்டு இல்ல."

"மாட்டேன். போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். வண்டியை எடுங்க."

ராக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கட்டினவள் இப்படித் துணிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எவனுக்குத்தான் கண் கலங்காது?

லாரி முக்கி முனகி மேடேறியது. உச்சியில் முதலாளி கையை ஆட்டினார். அவ்வளவுதான், மூக்கு கீழே சாய்ந்தது. கண்மாய்த் தண்ணீர் கண்ணுக்கு நேரே பளபளத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான் ராக்கன்.

லாரி சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது!

நம்பாமல் கொஞ்சம் உருளவிட்டு மறுபடி மிதித்தான். மறுபடியும் நின்றது. அப்பாடா! கண்மாய்க் கரை வரைக்கும் பதவிசாக இறக்கி நிறுத்தியபோது அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனக்காக உயிரையே குடுக்க வந்துட்டியேடி செவந்தி!"

"அழாதீங்க. யாராச்சும் பார்க்கப் போறாக" என்றாள் அவள்.

இடுப்புப் பிடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, முதலாளி இறக்கத்தில் ஓட்டமாக ஓடி வந்தார். "பாத்தியாடா? வால்வு ஜம்முனு வேலை செய்யுது! ஊதுபெட்டி மட்டும் ஊதலைன்னா இம்புட்டு லோடோட இந்த மேட்டை ஏறியிருக்குமா?"

செவந்தி சோற்றுக் கூடையின் துணியை விலக்கி, கறுப்பாக வளைந்து கிடந்த ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஊதுபெட்டியைச் சுத்துற பெல்ட்டு மொதலாளி, வீரய்யா அண்ணன்தான் கழட்டிக் குடுத்தாரு. நீங்க என்னைக்கு இவுக பக்கத்துல ஏறி உக்காருறீங்களோ, அன்னைக்கு மாட்டிக்கிருவோம்."