இரட்டை முடிச்சு

நக்கிள்ஸ் காட்டுக்குப் போனால் பளீல் முதலில் மனைவி ருக்கியாவின் கால்களைத்தான் கவனிப்பார். இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்கத் தேசிக்காய்ச் சாற்றில் சவர்க்காரத்தைக் குழைத்து முழங்கால்வரை பூசுவார். பிறகு சப்பாத்தை மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்குவார். அதை அவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. அவர் வந்து அவிழ்க்கும்வரை தன்னைக் காத்திருக்க வைக்கத்தான் இந்த வேலை என்று ருக்கியா திட்டுவாள்.

அவர் மௌத்தாகி அடக்கம் செய்தபின் அவள் எங்கும் போகவில்லை. இந்தப் பெருநாள் லீவில்தான் மகள் ருஷ்தா கெஞ்சிக் கூத்தாடித் திகனவிலிருந்து கூட்டிவந்தாள். காட்டு வாசலில் மகள் பூசிவிடக் குனிந்ததும் ருக்கியா காலை இழுத்துக்கொண்டாள்.

“வாணாம் மகள். வேற ஆள் தொட்டா எனக்குக் கூசும்.”

நாடாவையும் தானே ஒற்றைச் சுருக்காகப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வேனடிக்கு வந்தபோது, பூசியிருந்தும் ருஷ்தாவின் காலெல்லாம் இரத்தம். உம்மாவின் கதி என்னவோ என்று பதறிப் பார்த்தாள். ஒரு கடியும் இல்லை. காலுறை விளிம்பில் சவர்க்கார நுரை இன்னும் காயாமல் இருந்தது. தேசிக்காய் மணத்தது.

“நாடாவ யாரு உம்மா இப்பிடி இறுக்கின? அவிழுதில்லயே. கத்தி கொண்டுவரட்டா?”

“வெட்ட வாணாம். கொஞ்சம் இரி.”

ருஷ்தா பொறுக்கவில்லை. வேனின் முன்பக்கம் கத்தி தேடும்போது, உம்மா யாரையோ செல்லமாகத் திட்டுவது கேட்டது.

அவள் வந்து பார்த்தபோது சப்பாத்துகள் படியோரம் சோடியாக இருந்தன. நாடாக்கள் அவிழ்ந்திருந்தன. ருக்கியா வெறுங்கால்களை நீட்டி, கூச்சம் தாளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.