ஓங்கிய கை

"வாயைத் திறக்காதே. எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லிட்டு வந்துடு," என்றாள் லோகநாயகி. அப்போதுதான் தன் முறை முடிந்து வெளியே வந்திருந்தாள்.

தமிழினிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

பெருங்களத்தூரில் இருந்த அந்த மழலையர் பள்ளிக்கு மெஹர் பானு மேற்பார்வைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வாரா வாரம் டீச்சர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். "இந்த வாரம் பசங்களோட எப்படி இருந்தது? உங்க மனசுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பாள். அவ்வளவுதான். வேவு பார்க்க வந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் தமிழினி உளறிவிட்டாள்.

"மேடம், நேத்து பத்ரியை அடிக்கக் கை ஓங்கிட்டேன்."

மெஹர் பானு கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"மூணு வயசுப் பையன். என் கையைக் கடிச்சுட்டு விடவே இல்லை. அடிக்கலை மேடம்... ஆயாம்மாகிட்ட விட்டுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்."

"கை ஓங்கினப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

இது என்ன கேள்வி? திட்டப் போகிறாளா, ஆறுதல் சொல்லப் போகிறாளா?

"தெரியலை மேடம். என்னை மட்டும்தான் கடிக்கிறான். என்னைப் பிடிக்கலையோன்னு..."

"அப்புறம் அவன்கிட்ட போனீங்களா?"

"போனேன். ஓடி வந்து மடியில உட்கார்ந்துக்கிட்டான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியலை."

மெஹர் பானு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை போயிற்று என்று தமிழினி எழுந்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து உங்க கிளாஸுக்குப் புதுசா ஒரு பையன் வர்றான். பேரு அய்மான். அவனும் கடிப்பான்."

தமிழினி குழம்பிப் போனாள்.

"மேடம், நான் சொன்னது புரியலையா? எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை. லோகநாயகி அக்காகிட்ட விடுங்களேன்."

"அவங்களுக்குக் கோபமே வராதாம். இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க."

"அப்ப அவங்கதானே மேடம் சரி?"

"அய்மான் என் பையன், தமிழினி. முன்னாடி இருந்த ஸ்கூல்ல அவனோட டீச்சரும் கோபமே வராதுன்னுதான் சொன்னாங்க. குளிப்பாட்டும்போதுதான் தொடையில கிள்ளின காயத்தைப் பார்த்தேன்."