இரண்டு மில்லிகிராம்

"அம்மா, என் முடிய எட போட்டு யாருக்கு வெள்ளி குடுத்த?"

பூந்தமல்லியில், சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்கி, அதன் எடைக்கு ஏழைகளுக்கு வெள்ளி கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான் அர்ஷத். அப்போது அவனுக்கு நாலு வயது.

அவன் பிறந்தபோது எடை போடத் தலையில் ஓர் இழைகூட இல்லை.

"முடி வளரட்டும்டா, குடுத்துடலாம்" என்றாள் ஜரினா.

பதினோரு வருடம் ஆகிறது.

இன்று காலை அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தில், எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்யும் ரேவதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், நம்ம வழுக்கை எலி போட்ட குட்டிக்குக் காது பின்னால முடி மொளச்சிகீது! எங்க ஊட்டுப் பாப்பாவுக்கே இவ்ளோ இல்ல!"

கருவிலேயே மேல்தோலும் கீழ்த்தோலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சில்தான் முடி வேர்விடும். வியர்வைச் சுரப்பி உண்டாகும். இந்த எலிகளின் மரபணுவில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. அந்தச் சொல்லைத்தான், சினையாக இருந்த தாய் எலிக்கு ஜரினா ஊசியில் ஏற்றியிருந்தாள்.

தாய் வழியாக வரும் குறை அது.

"மொதல்ல உங்க பையனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க மேடம்."

மேசைமேல் தொப்பி போட்ட பையனின் பழைய படம் ஒன்று உண்டு. எங்கே படிக்கிறான் என்று ரேவதி ஒருநாள் கேட்டாள். ஜரினா படத்தைத் துடைத்து நேராக வைத்தாள். ஹாஸ்டலில் இருக்கிறான் போலும் என்று ரேவதியே நினைத்துக்கொண்டாள்.

மாஸ்க்கை இறக்கி, மூக்கின்மேல் பூத்திருந்த வியர்வையைத் துடைத்தாள் ரேவதி. ஜரினா அந்த வியர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேம்மா."

ரேவதி கூண்டு கழுவப் போன பிறகு, ஜரினா குட்டியை உள்ளங்கையில் ஏந்தினாள். பிஸ்மி சொல்லி, காதுக்குப் பின்னால் ஒரு சிட்டிகை முடியை வலிக்காமல் கத்தரித்தாள்.

தராசு இரண்டு மில்லிகிராம் காட்டியது.

அதை அவள் ஆய்வு நோட்டில் எழுதவில்லை.

ஆணியில் ரேவதியின் சாப்பாட்டுப் பை தொங்கியது. 'பாப்பாவுக்கு' என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டையும், கைக்குட்டையில் முடிந்திருந்த சின்ன வெள்ளிக் காப்பையும் அதற்குள் வைத்தாள்.

இரண்டு மில்லிகிராமுக்கு அது மிக அதிகம்.

அர்ஷத் வெள்ளி பற்றிக் கேட்ட அந்த வருடக் கத்திரி வெயிலில், வியர்க்கத் தெரியாமல் கொதித்து அடங்கிய கையிலிருந்து அவளே கழற்றிய காப்பு.